சரிபாதித் துப்பாக்கி

காளியப்பன் கண்ணை மூடும் முன் சொன்ன கடைசிச் சொல் ‘சரிபாதி’. நல்ல சொல்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு அவருடைய மகன்கள் இரண்டு பேரும் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அதை வெண்ணந்தூர்ச் சந்தையில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மூத்தவன் தனசேகர். விசைத்தறி வைத்திருக்கிறான், வெள்ளைச் சட்டை போடாமல் வாசற்படி தாண்ட மாட்டான். இளையவன் மோகன்குமார். ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய், போர்க்கிணறு தோண்டுகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகியவன். ‘சாப்பிட்டியா’ என்று அவன் கேட்டாலே பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை என்று எட்டிப் பார்ப்பார்கள். இந்த இரண்டு பேரும் அப்பன் சொத்தைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். காட்டைப் பிரித்தார்கள். கிணற்று முறையை நாள் வைத்துப் பிரித்தார்கள். வாசலில் நின்ற மாமரத்துக்கு நடுவே கயிறு கட்டி, கிழக்குக் கிளை உனக்கு, மேற்குக் கிளை எனக்கு என்றார்கள். அணில் இரண்டு பக்கமும் ஓடியது. அதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

கடைசியில் துப்பாக்கி வந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று காளியப்பன் லைசன்ஸ் எடுத்து வைத்திருந்த ஒற்றைக் குழாய்த் துப்பாக்கி. வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, நீளக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற பழைய ரகம். மூத்தவன் எனக்கு என்றான். இளையவன் எனக்கு என்றான். பங்கு பேச வந்த பெரியவர்கள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்கள். “அப்பன் வாக்கு சரிபாதி, அதுல பேச்சுக்கே இடமில்ல” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போனது அன்றைக்கு அந்த ஒரு விஷயத்தில்தான். திருப்புளியை எடுத்து வந்து ஆணியைக் கழற்றினார்கள். குழாய் இளையவனுக்கு. கட்டையும், அதில் விரலால் இழுத்துச் சுடுகிற குதிரையும் மூத்தவனுக்கு. என்ன அறிவு, என்ன அறிவு!

இத்தனைக்கும் இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்த ஒருத்தி அன்றைக்கு அந்த வீட்டிலேயேதான் இருந்தாள். ராசாத்தி. பங்கு பேச வந்தவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். மகளுக்குத்தான் கல்யாணத்தின்போதே போதமலை அடிவாரத்தில் மஞ்சக்காணிச் சீதனமாக நிலம் கொடுத்தாயிற்றே, அப்புறம் என்ன என்பது எல்லோருடைய நினைப்பும். டம்ளர் எடுக்க வந்தவள், இடிகம்பி கேட்பாரற்றுத் தரையில் உருண்டு கிடப்பதைப் பார்த்தாள். அது யார் பங்கிலும் வரவில்லை. எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டுக் கோழிக்கூண்டுக்குத் தாழ்ப்பாளாகச் செருகி வைத்தாள்.

பங்கு முடிந்த மறுவாரமே தனசேகர் கிணற்றிலிருந்து ராசாத்தியின் காட்டுக்குப் போகிற குழாயைக் கழற்றிவிட்டான். அப்பன் இருந்தவரை அவளுக்கும் தண்ணீர் ஓடிய கிணறு அது. “முறை சரிபாதியாப் போச்சு அம்மிணி. பத்திரத்துல உம்பேரு எங்க இருக்குது, சொல்லு?” என்றான். இளையவனிடம் போனாள். அவன் சத்தமாக அதையே சொன்னான்.

போகட்டும் என்று மழையை நம்பிக் கடலை போட்டாள். மழைகூட ஏமாற்றவில்லை. காட்டுப்பன்றிதான் குடியைக் கெடுத்தது. காய் பிடிக்கிற பருவத்தில் மலையிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கி, ஏர் ஓட்டியது போல மண்ணைக் கிளறிப் போட்டுவிட்டுப் போகும். சேலையைக் கட்டி வேலி போட்டாள். தகரம் தட்டினாள். சரவெடி கொளுத்தினாள், முதலில் ஓடினவை பிறகு பழகிப்போய் வெடிச் சத்தத்துக்கு நடுவிலேயே மேய்ந்தன. பக்கத்துக் காட்டுக்காரன் திருட்டுக் கரண்ட் கம்பி இழுக்கச் சொன்னான். மனுசன் மிதித்தால் என்னாவது என்று அவள் மாட்டேன் என்றுவிட்டாள். போன வருசமும் போச்சு, அதற்கு முந்தின வருசமும் போச்சு.

அவள் புருசன் நந்தகுமார் லைன் லாரி டிரைவர். நல்ல மனுசன்தான், ஆனால் நல்ல மனுசனுக்கும் ஒரு அளவு உண்டு. நாக்பூர்ப் பக்கத்திலிருந்து போன் பண்ணினவன் தெளிவாகச் சொல்லிவிட்டான்.

“இந்த வருசமும் பன்னிக்கே போச்சுன்னா காட்டைக் குடுத்துரலாம் ராசாத்தி. உங்க அண்ணன் வாங்கிக்கறேன்னு சொல்லிட்டுத்தான் இருக்காரு. நானு சம்பாரிச்சு அனுப்பறது பூரா பன்னிக்கு வெதையாப் போவுது. நாமக்கல்லுல ஊடு பார்த்துட்டுப் போயிரலாம்.”

“இந்த வருசம் எடுத்துருவனுங்க மாமா.”

“எப்படி எடுப்பே?”

அவள் போனை வைத்துவிட்டுக் காட்டுக்கு நடந்தாள். எங்கப்பன் குடுத்த மண்ணு, எம்பேருல இருக்கிறது அது ஒண்ணுதான், அதையும் அந்த வெள்ளைச் சட்டைக்காரனுக்குக் குடுப்பதா என்று வழியெல்லாம் பொருமினாள். அப்பன் இருந்தபோது பொழுதோட, இருட்டுகிற நேரத்தில், ஒரு சுடு சுடுவார். போதமலையில் பட்டு அந்தச் சத்தம் திரும்பி வரும். அதோடு நாலைந்து நாளைக்குப் பன்றி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

அப்போதுதான் ஏட்டு கண்ணுசாமி வண்டியில் வந்து இறங்கினார்.

நாட்டில் லைசன்ஸ் உள்ள துப்பாக்கி எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம், ஒவ்வொன்றுக்கும் தேசத்துக்கே பொதுவாக ஒரு நம்பராம். காளியப்பனின் துப்பாக்கி மட்டும் அந்தரத்தில் நிற்கிறதாம். ஆள் செத்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டுமென்பது சட்டம். இரண்டு வருசமாக ஒப்படைக்கவில்லை. “நாளைக்குக் காத்தால துப்பாக்கி ஸ்டேஷனுக்கு வரோணும்” என்று அண்ணன் தம்பி இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணனும் தம்பியும் தனித்தனியாக ராசாத்திக்குப் போன் பண்ணினார்கள். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: நீ வந்து, தப்பெல்லாம் அவன்மேல்தான் என்று சாட்சி சொல்லு. அவளும் போனாள். இந்தக் கூத்தைப் பார்க்காமல் எப்படி இருப்பது?

தனசேகர் கட்டையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். மோகன்குமார் குழாயைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, தள்ளி, மேசையின் அந்தக் கோடியில் வைத்தான். கண்ணுசாமி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது என்னய்யா?”

“என்ற பாதிங்க” என்றான் தனசேகர்.

“இது என்ற பாதிங்க” என்றான் மோகன்குமார். ஸ்டேஷனுக்கு வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கண்ணுசாமிக்குச் சிரிப்பு முதலில் வந்ததா கோபம் முதலில் வந்ததா என்று சொல்ல முடியாது. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கத்தினார். “எத்தன வருச சர்வீஸ்யா எனக்கு! துப்பாக்கியத் திருடுனவனைப் பார்த்திருக்கேன், அடகு வெச்சவனைப் பார்த்திருக்கேன், பங்கு போட்டவனை இன்னிக்குத்தான்யா பார்க்கறேன்!”

“குழாயிலதானுங்க நம்பர் அடிச்சிருக்குது. அது தம்பிகிட்டத்தான் இருந்துச்சு. அப்ப கேஸ் அவன் மேலதானுங்களே?” என்றான் தனசேகர், ரொம்பப் பணிவாக.

“குதிரை இவருகிட்டங்க! குதிரை இல்லாம எப்படிங்க சுடும்?” என்றான் இளையவன்.

“குழாயும் ஆயுதம்தான், குதிரையும் ஆயுதம்தான். ஒரு பாகத்த வெச்சிருந்தாலும் குத்தம்தான். ரெண்டு பேரும் உள்ள போவீங்க!”

இதைக் கேட்டதும் தனசேகரின் வெள்ளைச் சட்டை வேர்த்து நனைந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? “ஏனுங்க ஏட்டையா, மலை மேல ஊட்டுக்கு ஊடு நாட்டுத் துப்பாக்கி இருக்குதுன்னு சொல்றாங்களே, அதையெல்லாம் எந்தக் கம்ப்யூட்டர்ல ஏத்துனீங்க?” என்றான்.

கண்ணுசாமி வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பதிஞ்சவன் அட்ரஸ்தான்யா எனக்குத் தெரியும். பதியாதவனை நானு எங்க போய்த் தேடட்டும்?” என்றார். உடனே அப்படிச் சொல்லிவிட்டோமே என்று தோன்றியிருக்க வேண்டும், மறுபடி கத்தினார். “மாசக் கடைசிக்குள்ள கலெக்டர் ஆபீஸ்ல போய் யாராச்சும் ஒருத்தர் பேருக்கு மாத்திட்டு வாங்க. இல்லீன்னா கேஸ்தான்!” இரண்டு பாதியையும் பூட்டி வைத்தார்.

நாமக்கல் கலெக்டர் ஆபீஸில் துப்பாக்கி லைசன்ஸ் பிரிவைப் பார்க்கிறவர் சரிதா என்ற அதிகாரி. சிரிக்காத முகம். அண்ணனும் தம்பியும் மாறி மாறிச் சொன்ன கதையைப் பாதியிலேயே நிறுத்தினார்.

“துப்பாக்கின்னா முழுசாத்தான் துப்பாக்கி. ஒரு துப்பாக்கி, ஒரு நம்பர், ஒரு பேர். வாரிசுல ஒருத்தர் எடுத்துக்கலாம். மத்தவங்க எல்லாரும் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போடணும். ஒத்து வரலைன்னா ஆயுதக் கிடங்குக்குப் போகும், அங்க உடைச்சிடுவாங்க. வாரிசு நீங்க ரெண்டு பேர்தானா?”

“ரெண்டே பேருதானுங்க” என்றான் தனசேகர்.

“பொண்ணு யாரும் இல்லையா?”

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இங்கேயும் கூத்துப் பார்க்க வந்து பின்னாலிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராசாத்தி எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

“நானு இருக்கறனுங்க மேடம்” என்றாள்.

“அப்ப உங்க கையெழுத்து இல்லாம இவங்க ரெண்டு பேர்ல யாரும் இதைத் தொட முடியாதும்மா” என்றார் சரிதா, அடுத்த ஆளைக் கூப்பிடுகிற அவசரத்தில்.

அந்த அம்மாள் சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான். ராசாத்திக்கோ காது இரண்டும் சூடாகிவிட்டது. காட்டுக்கு வேண்டாம், கிணற்றுக்கு வேண்டாம், மாமரத்துக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்ட கையெழுத்து இங்கே வேண்டுமாம். பஸ்ஸில் ராசிபுரம் வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள்.

மறுநாளே தனசேகர் வந்தான். தங்கை வீட்டுக்கு அவன் வந்து எத்தனையோ நாளாயிற்று. கையில் ஒரு வாழைத்தார்.

“அம்மிணி, நல்லா இருக்கியா? எளைச்சுப் போய்ட்டியே.”

“உக்காருங்கண்ணா. தண்ணி குடிக்கறீங்களா? எங்க கெணத்துத் தண்ணியில்ல, பஞ்சாயத்துத் தண்ணிதான்.”

அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கையெழுத்துப் பேச்சுக்கு வந்தான். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“நானு உங்களுக்குப் போட்டாலும் தம்பி போட மாட்டானேண்ணா. அவன் போடலைன்னா ஒடச்சுப் போடுவாங்க.”

“ஒடைக்கட்டும்! சுக்கு நூறா ஒடைக்கட்டும்! அவன் கைக்கு மட்டும் போகக் கூடாது.”

“ஒடச்சா கேஸும் உங்க மேல நிக்குமேண்ணா. அவன் கைக்குப் போகாம இருக்க, கேஸும் இல்லாம இருக்க, ஒரு வழி இருக்குது.”

“என்ன வழி?”

“எம்பேருக்கு எழுதிருங்க.”

தனசேகர் சிரித்த சிரிப்பில் கூண்டில் கோழிகள் கத்தின. “பொம்பளைக்கு எதுக்கு அம்மிணி துப்பாக்கி?”

“எனக்கு எதுக்குங்கண்ணா? பொட்டியில கெடக்கும். ஆனா அவன் கைக்குப் போகாதில்ல? அதுக்கு நானு கேரண்டி.”

சிரிப்பு நின்றது. இந்த வருசமும் கடலை போகும், காடு நம்மிடம் வரும், காட்டோடு சேர்ந்து துப்பாக்கியும் ஒருநாள் வரும் என்று அவன் மனசு ஓடுவது முகத்தில் அப்படியே தெரிந்தது. ராசாத்தி வாழைத்தாரைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

“சரி, போடறேன். ஆனா தம்பிகிட்ட மூச்சு உடாதே” என்றான்.

சாயங்காலம் மோகன்குமார் வந்தான். ராசிபுரம் நெய் ஒரு தூக்குப்போசி நிறைய. “அக்கா!” என்று அவன் கூப்பிட்டதில் தெருவே திரும்பிப் பார்த்தது. அவனிடமும் அதையேதான் சொன்னாள், ஒரு வார்த்தை மாற்றவில்லை. அவனும் சிரித்தான், அவனும் நிறுத்தினான், அவனும் “அண்ணங்கிட்ட மூச்சு உடாதேக்கா” என்றான். நெய்யும் உள்ளே போனது.

கையெழுத்துப் போடுகிற நாளில் அண்ணன் ஒரு வழியாகவும் தம்பி வேறு வழியாகவும் வந்து கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் முட்டிக்கொண்டார்கள்.

“நீ எதுக்குடா இங்க வந்தே?”

“நீ எதுக்கு வந்தே?”

விஷயம் வெளியே வந்தது. இரண்டு பேரும் ராசாத்தியைத் திரும்பி முறைத்தார்கள். அவ்வளவுதான், காரியம் கெட்டது என்று நினைத்தாள். சத்தம் கேட்டு, உள்ளே மேசைக்குப் பின்னாலிருந்து சரிதா நிமிர்ந்து பார்த்தார்.

“இந்த அம்மா பேருக்கு மாத்தறதுல உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?”

தனசேகர் தம்பியைப் பார்த்தான். தம்பி அண்ணனைப் பார்த்தான். வேண்டாம் என்று எவன் முதலில் சொன்னாலும் ‘எனக்குக் கொடு’ என்று அடுத்தவன் நிற்பானே!

“இல்லீங்க” என்றான் தனசேகர், பல்லைக் கடித்துக்கொண்டு. “அவன் பேருக்குப் போகாதவரைக்கும் ஆட்சேபணை இல்லீங்க.”

“எனக்கும் அதேதானுங்க!” என்றான் மோகன்குமார். மாடியில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

ராசாத்தி ஜெயித்துவிட்டாள் என்று நீங்கள் நினைத்தால் சர்க்கார் ஆபீஸ் பக்கம் நீங்கள் போனதே இல்லை என்று அர்த்தம். அதற்கப்புறம் அவள் அலைந்த அலைச்சல் கொஞ்சமா? டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள், கொண்டுபோனாள். ஸ்டேஷன் விசாரணை என்றார்கள். கட்டணம் என்றார்கள், போட்டோ என்றார்கள். துப்பாக்கி பிடிக்கப் பயிற்சி எடுத்த சான்று என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் பஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் காட்டு வேலை கெட்டது. “அந்தக் காசுக்கு வெள்ளாடு வாங்கியிருந்தா குட்டி போட்டிருக்கும்” என்று நந்தகுமார் போனில் புலம்பினான். காட்டிலோ கடலை பூத்து, விழுது இறங்கிக்கொண்டிருந்தது. மலையோரமாகப் பன்றிக் குளம்புத் தடம் தென்பட ஆரம்பித்தது. ஒரு நாள் ஆபீஸ் வராந்தாவில் காத்திருந்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சேலைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றாள்.

இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்த்து, சுடத் தகுதியாக இருக்கிறதென்று லைசன்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரர் சொல்ல வேண்டும். அதற்காக ஏட்டு கண்ணுசாமி துப்பாக்கியைச் சேலம் சூரமங்கலத்தில் உசேன் பாய் கடையில் சேர்த்தார். பயிற்சியும் அவரிடம்தான். ராசாத்தி போனபோது உசேன் குழாயைக் கட்டையில் பொருத்தி ஆணியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

“உங்க வீட்டு ஆளுங்க பண்ணின வேலையாம்மா இது?” என்று சிரித்தார். “எங்க வாப்பா காலத்துல இருந்து இந்தக் கடை இருக்கு. இப்படி ஒண்ணு வந்ததே இல்ல.”

“எதுக்கு பாய் இத்தன சட்டம்? நடந்து நடந்து என்ற செருப்பே தேஞ்சு போச்சுங்க.”

“நல்லாக் கேளுங்க. தேர்தல் வந்தாப் போதும், லைசன்ஸ் வெச்சிருக்கறவங்க எல்லாம் வரிசையில வந்து துப்பாக்கியை ஒப்படைப்பாங்க. கடை நெறைஞ்சிடும். மலையில பைப்பை வெச்சுத் துப்பாக்கி செய்யறவன் ஒருத்தனாவது அந்த வரிசையில நின்னு நான் பார்த்ததில்ல. அலைச்சல் பூரா ஒழுங்கா இருக்கறவனுக்குத்தான்.”

ராசாத்தி குழாயில் அடித்திருந்த நம்பரைத் தொட்டுப் பார்த்தாள்.

“அது நெசந்தான் பாய். ஆனா ஒண்ணுங்க. இதுவும் பதியாத துப்பாக்கியா இருந்திருந்தா எங்கூட்டுல கை ஓங்குனவன் எவனோ அவன் எடுத்துட்டுப் போயிருப்பான். பதிஞ்சு கெடந்ததனாலதான் அந்த மேடம், பொண்ணு இல்லையான்னு கேட்டாங்க. இத்தன வருசத்துல அதை யாரும் கேட்டதில்லீங்க.”

உசேன் ஆணி முறுக்குவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். “நான் அந்தப் பக்கமா யோசிச்சதே இல்லம்மா” என்றார். பிறகு துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தவரின் முகம் மாறியது. “அடடா. இடிகம்பியக் காணோமே? அது இல்லாம மருந்தைக் கெட்டிக்க முடியாது. அண்ணன்கிட்ட இருக்கா, தம்பிகிட்ட இருக்கா?”

ராசாத்திக்கு வந்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. “அது எங்கூட்டுக் கோழிக்கூண்டுல இருக்குதுங்க பாய்!”

லைசன்ஸ் வந்தபோது கடலை காய் பிடித்திருந்தது. தேசத்துக்கே பொதுவான நம்பர் அதில் இருந்தது. பேர்: ந. ராசாத்தி. கூடவே சரிதா கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார்: சத்தத்துக்கு மட்டும்தான், பன்றியைச் சுட்டால் வேறு கேஸ், உங்கள் காட்டைத் தாண்டி எடுத்துப் போகவும் கூடாது. சுட யாருக்கம்மா ஆசை, ஓடினால் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே பன்றிகள் இறங்கின. பொழுது சாய்கிற நேரம். முதலில் கிழட்டுப் பன்றி ஒன்று, அதன் பின்னால் குட்டிகளோடு கூட்டம். வழக்கமாக வருகிற வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் மாதிரி வரப்பேறி வந்தன. ராசாத்தி துப்பாக்கியை நிமிர்த்தி வைத்தாள். கரிமருந்தைக் கொட்டினாள். துணியைத் திணித்தாள். கோழிக்கூண்டுக் கம்பியால் இடித்துக் கெட்டித்தாள். தோளில் அழுத்தி, குழாயை வானத்தைப் பார்க்கத் தூக்கி, குதிரையை இழுத்தாள்.

எங்கப்பா, என்ன சத்தம்! போதமலை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. தோள் பின்னுக்குப் போய் அவள் வரப்பில் உட்கார்ந்தே விட்டாள். புகை விலகிப் பார்த்தால் காட்டில் ஒரு பன்றி இல்லை. கிழடு முன்னால் ஓட, குட்டிகள் உருண்டு புரண்டு பின்னால் ஓட, புழுதிதான் தெரிந்தது. “ஓடுங்கடா! ஓடுங்க! என்ற காடுடா இது!” என்று உட்கார்ந்தபடியே கத்தினாள். ஊர் முழுக்க வாசலில் வந்து நின்றது. தோள் வீங்கி ஒரு வாரம் கையைத் தூக்க முடியவில்லை. அவளுக்கு அது வலியாகவே தெரியவில்லை.

அந்த வருசம் கடலை எடுத்தாள். செடியைப் பிடுங்கினால் கொத்துக் கொத்தாகக் காய். களத்தில் குவித்து வைத்ததைப் போட்டோ எடுத்து நந்தகுமாருக்கு அனுப்பினாள். அவன் உடனே போன் பண்ணி, “நாமக்கல்லுல ஊடு வேண்டாம்னு சொல்லிட்டேன்” என்றான். அவ்வளவுதான் பேசினான். அவளுக்கு அது போதும்.

பன்றிகளுக்கும் வயிறு இருக்கிறதல்லவா? ராசாத்தியின் காட்டுப் பக்கம் போகப் பயந்தவை நேராகக் கீழே இறங்கின. கீழே யாருடைய காடு? கிழக்கே தனசேகருடைய மரவள்ளி. மேற்கே மோகன்குமாருடைய மக்காச்சோளம். பன்றிகளும் சரிபாதியாகத்தான் பிரிந்து மேய்ந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். ஒரே வண்டியில்! தனசேகர் சட்டையில் சேறு. மோகன்குமார் தலையில் மக்காச்சோளத் தோகை.

“அம்மிணி” என்றான் மூத்தவன். “ஒரு சுடு சுட்டுட்டு வந்துரேன்.”

“லைசன்ஸுல உங்க காடு எங்கண்ணா இருக்குது, சொல்லுங்க?” என்றாள் ராசாத்தி.

அந்த வாக்கியத்தை எப்போது சொன்னோம் என்று அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டான்.

“சேர்க்க முடியாதாக்கா?” என்றான் இளையவன்.

“சேர்க்கலாம்னுதான் மேடம் சொன்னாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா வந்து கையெழுத்துப் போட்டா என்ற லைசன்ஸுல உங்க காட்டையும் சேர்த்துக்குவாங்க. நானும் வந்து சுடறேன். ஆனா அதுக்கு முன்னால கெணத்து முறைய மாத்தோணும்.”

“அது சரிபாதின்னு அப்பன் சொன்ன…” என்று தனசேகர் ஆரம்பித்தான்.

“அப்பன் சொன்னாருண்ணா. நீங்களும் பாதி பாதியாத்தான் வெச்சிருந்தீங்க. ரெண்டு வருசம் வெச்சிருந்து அந்தப் பாதிய வெச்சு ஒரு பன்னியத் தொரத்துனீங்களா?” அவள் எழுந்து போய் மூலையில் சாத்தியிருந்த இடிகம்பியை எடுத்து வந்து அவர்கள் முன்னால் வைத்தாள். “குழாயி ஒண்ணு. கட்டை ஒண்ணு. இது ஒண்ணு. மூணும் சேர்ந்ததுக்கப்புறம்தான் சுட்டுது.”

தனசேகர் கம்பியை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் நீட்டினான். மோகன்குமார் அதை வாங்கிக்கொண்டு, அவன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மெதுவாக, “கெணத்துல இருந்து தண்ணிக் குழாயி நானே போட்டுக் குடுக்கறேன்க்கா” என்றான். தனசேகர் அவனை முறைத்தான், பிறகு, “பாதிக் குழாயி நானு வாங்கித் தாரேன்” என்றான்.

அடுத்த வாரம் நந்தகுமார் எங்கேயோ லோடு இறக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தால் ஒரே இரைச்சல்.

“ஏனுங்க மாமா, சத்தம் கேக்குதுங்களா?”

“என்ன சத்தம்? யாரு மோட்டாரு?”

“கெணத்து மோட்டாருங்க. நம்ம காட்டுக்குத் தண்ணி பாயுது. நம்ம முறைங்க!”

“அட! பாதி குடுத்துட்டாங்களா?”

“பாதி யாருக்குங்க வேணும்?” ராசாத்தி வாய்க்காலில் காலை வைத்து நின்றுகொண்டு, தம்பியைப் போலவே ஊருக்கே கேட்கும்படி கத்தினாள். “மூணுல ஒண்ணுங்க மாமா! மூணுல ஒண்ணு!”